கடன் இருக்கும்போது கைக்கு வந்த எதிர்பாராத பணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடனில் இருந்து மீண்டு வர எனக்கு ஐந்து ஆண்டுகள் ஆயின. அது தெரிந்தவர்கள் தங்கள் கடன் கணக்கோடு என்னிடம் வந்து உட்காருவது வழக்கமாகிவிட்டது. திடீரென்று ஒரு தொகை கைக்கு வந்த நேரத்தில்தான் அவர்களுக்குச் சந்தேகங்கள் அதிகம் எழுகின்றன. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். தொகைகளை வெறும் எண்களாக எழுதியிருக்கிறேன். உங்கள் நாணயத்தில் படித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வந்திருப்பது போனஸ்தான். அதையும் எதிர்பாராத பணம் என்று சொல்லலாமா?

சொல்லலாம். மாத வரவில் நீங்கள் எழுதி வைக்காத எந்தத் தொகையும் இதில் அடங்கும்: போனஸ், நிலுவை ஊதியம், திரும்பி வந்த வரிப் பணம், முதிர்ந்த காப்பீடு, சொத்தில் கிடைத்த பங்கு, இழப்பீடு, யாரோ அன்போடு கொடுத்த பரிசு. ஆண்டுதோறும் வரும் போனஸை நம்பிப் பள்ளிக் கட்டணத்தைத் தள்ளி வைத்திருந்தால், அது ஏற்கெனவே செலவாகிவிட்ட பணம். அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இன்னொன்றையும் உறுதி செய்துகொள்ளுங்கள். வந்த தொகை முழுவதும் உங்களுடையதுதானா? வரி கட்ட வேண்டியிருந்தால் அந்தப் பங்கை முதலிலேயே எடுத்து வையுங்கள். எங்கிருந்து வந்தது என்று புரியாமல் கணக்கில் விழுந்த பணம் தவறுதலாக வந்ததாக இருக்கலாம். வங்கியிடம் கேட்டுத் தெளியும் வரை அதைத் தொடாதீர்கள்.

பணம் நேற்றுத்தான் கணக்கில் ஏறியது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

கெடு தாண்டிய தவணை ஏதேனும் இருந்தால் அதை இன்றே கட்டிவிடுங்கள். மற்றபடி, இரண்டு வாரம் எதையும் செய்யாதீர்கள். அன்றாடச் செலவு நடக்கும் கணக்கில் இருந்து பணத்தை வேறொரு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். முதல் வாரத்தில் அவசரப்பட்டு எடுத்த முடிவுகளைப் பற்றித்தான் பலர் என்னிடம் வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார்கள்.

அந்த இரண்டு வாரத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒரு தாளில் எல்லாக் கடன்களையும் எழுதுங்கள்: யாரிடம், பாக்கி அசல் எவ்வளவு, ஆண்டு வட்டி எத்தனை சதவீதம், மாதத் தவணை எவ்வளவு, இன்னும் எத்தனை மாதம், முன்கூட்டியே கட்டினால் கட்டணம் உண்டா. ஒரு சகோதரி பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் ஆறு கடன்களை எழுதிக்கொண்டு வந்தார். ஐந்தாவது வரியில் வட்டிக்கான கட்டத்தில் கேள்விக்குறி மட்டும் இருந்தது. தொலைபேசியில் கேட்டபோது மாதம் 4 சதவீதம் என்றார்கள். அப்படியென்றால் ஆண்டுக்கு 48. மாத வட்டியாகச் சொல்லும்போது சின்னதாகத் தெரிந்த அந்தக் கடன்தான் தாளிலேயே மோசமான கடன். எல்லா வட்டியையும் ஆண்டுக் கணக்குக்கு மாற்றி எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

முழு அசலுக்கும் கடைசி மாதம் வரை வட்டி போடும் கடன்களிலும் கவனமாக இருங்கள். ஒரு வருடக் கடனுக்கு அப்படி 12 சதவீதம் என்று சொல்லி, பன்னிரண்டு சமத் தவணைகளாக வாங்கினால், குறையும் நிலுவைக் கணக்கில் அது 21 சதவீதத்துக்கு மேல் வருகிறது. மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வந்தாலும், திருப்பிக் கொடுத்துவிட்ட பணத்துக்கும் சேர்த்தே நீங்கள் வட்டி கட்டுகிறீர்கள்.

கடன் என்றாலே வெறுப்பாக இருக்கிறது. மொத்தப் பணத்தையும் கடனுக்கே கட்டிவிடலாம் அல்லவா?

அந்த வெறுப்பு எனக்கு நன்றாகப் புரியும். நானும் அதைத்தான் செய்தேன். ஒருமுறை நிலுவை ஊதியம் மொத்தமாக வந்தபோது கடைசிக் காசு வரை ஒரு கடனில் கட்டிவிட்டு, அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். ஆறு வாரம் கழித்து வீட்டில் ஒருவரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தது. கையில் ஒன்றும் இல்லை. கட்டிய பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்க முடியாது. அடைத்த கடனைவிட இரண்டு மடங்கு வட்டிக்குப் புதிதாகக் கடன் வாங்கினேன்.

அதனால் முதல் பங்கு அவசரத் தேவைக்கு. கடன் தீரும் வரை, வாடகை, உணவு, மருந்து, போக்குவரத்து, தவணைகள் ஆகிய தவிர்க்க முடியாத செலவுகளுக்கு ஒரு மாதம் தாங்கும் தொகை போதும். வருமானம் நிலையில்லாதவர்களும், ஒருவர் சம்பாத்தியத்தில் பலர் வாழும் குடும்பங்களும் இரண்டு மாதத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது. அதற்கு மேல் வேண்டாம். 30 சதவீத வட்டியில் கடனை வைத்துக்கொண்டு, 4 சதவீதம் தரும் சேமிப்புக் கணக்கில் பெருந்தொகையைப் போட்டு வைத்தால் ஒவ்வொரு மாதமும் நஷ்டம்தான்.

எந்தக் கடனை முதலில் அடைப்பது? பெரியதையா, சிறியதையா?

வட்டியைப் பார்ப்பதற்கு முன்னால், கட்டாவிட்டால் என்ன பறிபோகும் என்று பாருங்கள். குடியிருக்கும் வீடு, பிழைப்புக்கு உதவும் வாகனம், மின் இணைப்பு இவற்றில் நிலுவை இருந்தால் வட்டி எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதுவே முதல். உங்களுக்காக இன்னொருவர் ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடனில் தவணை தவறியிருந்தால் அதையும் இங்கே சேர்க்கிறேன். அவருடைய பெயரும் உங்களோடு சேர்ந்து கெடுகிறது.

அவை சரியாக இருந்தால், அதிக வட்டிக் கடன்தான் முதலில். ஆயிரத்துக்கு ஆண்டுக்கு எவ்வளவு வட்டி என்று கணக்குப் போட்டால் எளிதில் விளங்கும். 36 சதவீதக் கடன் அட்டை நிலுவையில் ஆயிரம் கட்டினால் ஆண்டுக்கு 360 மிச்சம். 11 சதவீத வாகனக் கடனில் அதே ஆயிரத்தைக் கட்டினால் மிச்சம் 110. மாதம் 3 சதவீத வட்டியைக் கட்டாமல் விட்டால், வட்டிக்கு வட்டி சேர்ந்து 24 மாதத்தில் கடன் இரட்டிப்பாகிவிடும்.

சிறிய கடனை முதலில் முடிக்க வேண்டும் என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. டேவிட் கால், பிளேக்லி மெக்ஷேன் என்ற இரு ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், கடன் தீர்வு நிறுவனம் ஒன்றின் வாடிக்கையாளர்களை எடுத்துப் பார்த்தார்கள். தொகை எவ்வளவு என்பதைவிட, தன் கணக்குகளில் எத்தனையை ஒருவர் முழுதாக மூடியிருக்கிறார் என்பது, அவர் கடனில் இருந்து முற்றிலும் வெளியேறுவதோடு தொடர்புடையதாக இருந்தது. ஒரு கடன் அடியோடு முடிவது தெம்பு தருகிறது. என் தீர்ப்பு இது: வட்டி வித்தியாசம் நாலைந்து சதவீதத்துக்குள் இருந்தால் சிறியதை முடித்துவிடுங்கள், அதற்கு மேல் என்றால் வட்டிக்கே முதலிடம்.

எல்லாக் கடனுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்தால்தானே யாருக்கும் மனக்குறை இருக்காது?

கடன் கொடுத்தவர்களுக்கு மனக்குறை இருக்காது. ஆனால் உங்கள் தாளில் ஆறு கடன் இருந்தால், கொடுத்த பிறகும் ஆறு இருக்கும். ஒரு தவணைகூட நின்றிருக்காது. ஒரு கடன் முடிந்தால் அதன் தவணை அடுத்த மாதத்தில் இருந்து உங்கள் கைக்கே திரும்பி வருகிறது. அதை அப்படியே அடுத்த கடனோடு சேர்த்துக் கட்டலாம். எதிர்பாராத பணம் ஒருமுறைதான் வரும். அது விடுவித்துக் கொடுக்கும் தவணை மாதாமாதம் வரும். நான் இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான்.

மொத்தமாக ஒரு தொகை கட்டினால், தவணையைக் குறைக்கவா, காலத்தைக் குறைக்கவா என்று கேட்கிறார்கள். எதைச் சொல்வது?

ஐந்து லட்சம் கடன், 12 சதவீதம், ஐந்து ஆண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 11,122. ஒரு வருடம் கட்டிய பிறகு அசல் பாக்கி சுமார் 4,22,000. இப்போது ஒரு லட்சம் கட்டுகிறீர்கள். தவணையை மாற்றாமல் காலத்தைக் குறைத்தால், மீதி 48 மாதம் என்பது 35க்குள் வந்துவிடும். மிச்சமாகும் வட்டி ஏறத்தாழ 51,000. காலத்தை மாற்றாமல் தவணையைக் குறைத்தால், தவணை சுமார் 8,490 ஆகும். மிச்சமாகும் வட்டி ஏறத்தாழ 26,000. அதே ஒரு லட்சத்தில் இரண்டு மடங்கு வித்தியாசம்.

ஆகவே முடிந்தவர்கள் காலத்தைக் குறையுங்கள். ஆனால் மாதக் கடைசியில் தவணைக்காகவே கைமாற்று வாங்கும் நிலையில் இருந்தால் தவணையைக் குறைப்பதே சரி. அந்தக் கைமாற்று நிற்பது 25,000 வட்டியைவிடப் பெரிய லாபம். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், கட்டிய பணத்தை அடுத்து வரும் தவணைகளுக்கு முன்பணமாக எழுதிக்கொள்ளும் இடங்களும் உண்டு. “அசலில் கழிக்கவும்” என்று எழுதிக் கொடுத்து, புதிய தவணை அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள்.

முன்கூட்டியே கட்டினால் 3 சதவீதம் கட்டணம் கேட்கிறார்கள். அப்படியானால் கட்டாமல் இருப்பதே நல்லதா?

எவ்வளவு காலம் பாக்கி என்பதைப் பொறுத்தது. மேலே சொன்ன கடனில் ஒரு லட்சத்துக்கு 3,000 கட்டணம் கொடுத்தாலும், காலத்தைக் குறைத்தால் 48,000 மிஞ்சும். யோசிக்க ஒன்றுமில்லை. அதே கடனில் இன்னும் ஆறு மாதம்தான் பாக்கி என்றால் கதை வேறு. அப்போது அசல் சுமார் 64,500, மீதமுள்ள மொத்த வட்டியே சுமார் 2,275. கட்டணம் ஏறத்தாழ 1,935. முன்னூற்றுச் சொச்சம் மிச்சம் செய்வதற்காக 64,500ஐக் கையில் இருந்து விட வேண்டாம். தவணைக் கடனில் வட்டியின் பெரும்பகுதி முதல் பாதியிலேயே வசூலாகிவிடுகிறது. கடைசி மாதங்களில் அடைக்க அவசரப்பட வேண்டியதில்லை.

கடன் அட்டை நிலுவை முழுவதையும் கட்டிவிட்டேன். அடுத்த மாதமும் வட்டி வந்திருக்கிறதே?

அறிக்கை தயாரான நாளுக்கும் நீங்கள் பணம் கட்டிய நாளுக்கும் இடையிலான வட்டி அது. நிலுவை இழுத்துக்கொண்டிருந்த அட்டைகளில் இப்படி வரும். கட்டும் நாளில் வாடிக்கையாளர் சேவையை அழைத்து, அன்றைய தேதிக்கு முழுதாக முடிக்க எவ்வளவு என்று கேட்டுக் கட்டினால் இந்த வால் இருக்காது. வந்திருக்கும் சிறு தொகையை அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். அதன் மேல் தாமதக் கட்டணம் ஏறும்.

நிலுவை இருக்கும் வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் பெரும்பாலான அட்டைகளில் முதல் நாளில் இருந்தே வட்டி ஓடும். பாதி நிலுவையை அடைத்துவிட்டு, இடம் கிடைத்ததே என்று மறுபடி அட்டையைத் தேய்த்தவர்கள் பலரைப் பார்த்துவிட்டேன். முழுதாக முடியும் வரை அட்டையைப் பணப்பையில் இருந்து எடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள்.

அடகில் இருக்கும் பொருள் அம்மா கொடுத்தது. வட்டி குறைவுதான். அதை முதலில் மீட்டால் தவறா?

தவறில்லை. ஆனால் ஏலத் தேதியைப் பாருங்கள். தேதி நெருங்கியிருந்தால் உடனே மீட்டுவிடுங்கள். அது போனால் திரும்பி வராது. இன்னும் அவகாசம் இருந்தால் வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்துவிட்டு, பெரும்பங்கை அதிக வட்டிக் கடனுக்குக் கொடுங்கள். அந்தத் தவணை விடுபட்டதும், அதை வைத்தே பொருளை மீட்கலாம்.

உறவினர் வட்டியில்லாமல் கொடுத்தார். கேட்கவே மாட்டார். அவருக்குக் கடைசியில் கொடுத்தால் போதுமா?

வட்டிக் கணக்குப்படி அவர் கடைசிதான். ஆனால் அவர் கேட்காமல் இருப்பதாலேயே அவருக்குத் தேவையில்லை என்று முடிவு செய்யாதீர்கள். பணம் வந்த செய்தி எப்படியும் அவர் காதுக்குப் போகும். அதற்கு முன் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள்: “பணம் வந்திருக்கிறது. அதிக வட்டிக் கடன் ஒன்று இருக்கிறது, அதை முதலில் அடைக்க நினைக்கிறேன். உங்களுக்கு இந்த மாதத்தில் இருந்து இவ்வளவு தருகிறேன். இப்போதே தேவை என்றால் சொல்லுங்கள்.” ஒரு சிறு பகுதியை அன்றே கையில் கொடுங்கள். அவருக்கு உண்மையிலேயே நெருக்கடி என்றால், கணக்கை ஓரமாக வைத்துவிட்டு அவருக்கே முதலில் கொடுங்கள். ஒரு வருட வட்டி போனால் சம்பாதித்துவிடலாம்.

இதில் கொஞ்சமாவது எங்களுக்காகச் செலவு செய்யக் கூடாதா?

செய்யுங்கள். வருடக்கணக்கில் எல்லாவற்றையும் ஒத்திப்போட்ட குடும்பம் ஒரு நாள் மகிழ்ந்தால் அது குற்றமில்லை. தொகையை மட்டும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். நூற்றுக்கு ஐந்து என்று நான் சொல்வேன். எட்டு என்றாலும் சண்டைக்கு வர மாட்டேன். ஒரே முறை, ஒரே செலவு, மாதாமாதம் தொடராத செலவு.

தொகையை எழுதி வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2017இல் பொருளாதார நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலர் 1980களிலேயே இதைக் கவனித்து எழுதினார்: மனிதர்கள் மனதுக்குள் தனித்தனிக் கணக்குகள் வைத்திருக்கிறார்கள், ஒரே மதிப்புள்ள பணத்தை அது வந்த வழியைப் பொறுத்து வெவ்வேறாக நடத்துகிறார்கள். சம்பளத்தில் ஆயிரம் எடுக்கத் தயங்குகிறவர் போனஸில் பத்தாயிரத்தைத் தயங்காமல் எடுப்பார்.

கடனை அடைப்பதைவிட முதலீடு செய்தால் அதிகம் கிடைக்கும் என்கிறார் நண்பர். உண்மையா?

18 சதவீதக் கடனை அடைத்தால், கட்டணம் ஏதும் இல்லாதபோது, 18 சதவீத வட்டி மிச்சமாவது நிச்சயம். அதே அளவு நிச்சயத்தோடு 18 தரும் முதலீட்டை நண்பர் காட்டட்டும். காட்ட முடியாது. வட்டி குறைவான நீண்டகால வீட்டுக் கடன் ஒன்றுதான் பாக்கி, அவசரத் தொகையும் இருக்கிறது என்றால் மட்டும் இந்தக் கேள்வியை விவாதிக்கலாம்.

பழைய கடன் ஒன்று. இப்போது பாதி கட்டினால் போதும், முடித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். சம்மதிக்கலாமா?

சம்மதிக்கலாம், ஆனால் பணத்துக்கு முன்னால் காகிதம். இந்தத் தொகையோடு முழுக் கணக்கும் தீர்ந்தது என்று எழுத்தில் வாங்கிய பிறகே கட்டுங்கள். கட்டியதும் நிலுவை இல்லை என்ற சான்றிதழ் வாங்குங்கள். பாதியில் தீர்த்த கடன், முழுதாக அடைத்த கடனைப் போல உங்கள் கடன் வரலாற்றில் பதிவாகாது. சில ஆண்டுகள் புதுக் கடன் கிடைப்பது கடினமாகலாம். சில நாடுகளில் தள்ளுபடியான தொகைக்கு வரியும் உண்டு.

மிகப் பழைய கடன் என்றால் இன்னொரு எச்சரிக்கை. வழக்குத் தொடர்வதற்குச் சட்டத்தில் காலவரம்பு இருக்கிறது. பல நாடுகளில், ஒரு சிறு பகுதியைக் கட்டினாலோ, கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ அந்தக் காலம் மறுபடி முதலில் இருந்து எண்ணப்படும். “நல்லெண்ணத்துக்காக ஐந்நூறு மட்டும் கட்டுங்கள்” என்று கேட்டால், கட்டுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

பணம் அடுத்த மாதம் நிச்சயம் வரும். அதை நம்பி இப்போதே ஒரு கடன் வாங்கி இன்னொன்றை அடைக்கட்டுமா?

வேண்டாம். சொத்துப் பங்கும் இழப்பீடும் சொன்ன தேதியில் வருவது அரிது. வட்டி ஒரு நாள்கூடத் தாமதிக்காது.

எனக்கு வந்திருப்பது இருபதாயிரம். கடனோ எட்டு லட்சம். இதில் என்ன ஆகிவிடப் போகிறது?

இதைக் கேட்டவர் நாட்காட்டித் தாள் கொண்டு வந்த அதே சகோதரிதான். கேட்கும்போது அவர் குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது. அந்த ஐந்தாவது கடன் 18,000. மாதம் 4 சதவீதம் என்றால் வட்டி 720. இருபத்தைந்து மாதமாக வட்டி மட்டுமே கட்டிவந்திருந்தார். கூட்டிப் பார்த்தோம். வட்டியாகவே 18,000 போயிருந்தது, அசல் அப்படியே இருந்தது.

18,000ஐ அடைத்தார். மீதி 2,000ஐ அவசரத்துக்கு வைத்துக்கொண்டார். மேலே ஒரு மாதச் செலவுக்கு வைக்கச் சொன்னேன், ஆனால் 48 சதவீத வட்டிக்கு முன்னால் அந்த விதியைத் தளர்த்தலாம். விடுபட்ட 720ஐ முதல் ஐந்து மாதம் அந்த 2,000த்தோடு சேர்த்தார், ஆறாவது மாதத்தில் இருந்து அடுத்த கடனுக்குக் கூடுதலாகக் கட்டத் தொடங்கினார். கடன் பத்திரத்தைத் திரும்ப வாங்கிய அன்று, மகனின் அளவுகோலை வைத்து ஐந்தாவது வரியை நேராக அடித்தார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறார். போன முறை கொண்டு வந்தபோது மூன்று வரிகள் அடிக்கப்பட்டிருந்தன.